ஆரணிக்கு வந்தவர்களும் ஆர்க்காட்டிலிருந்து சென்றவர்களும்

அருங்காட்சியகங்கள் பழம்பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டுவதோடு நின்றுவிடாமல், மாலை வேளைகளில் மக்களை அழைத்து அமரவைத்து வினாடி வினா நடத்தும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அவ்வினாக்களுக்கு விருப்பமான பொருள்களுள் ஒன்று, இடம்பெயர்ந்து புகழ்பெற்றோரின் வாழ்க்கை. இந்நாட்டிற்குள் வந்து பேர் பெற்றவர் யார், இந்நாட்டை விட்டுச் சென்று பேர் பெற்றவர் யார் என இரு பட்டியல்கள் வகுக்கப்படுகின்றன. பெயரும் ஆண்டும் சரியாகச் சொன்னவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது. குடிபெயர்வுக்கென்றே தனி அருங்காட்சியகங்களும் தோன்றிவிட்டன. ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபென் துறைமுகத்தில் 2005இலும், பாரிஸில் 2007இலும், அயர்லாந்தின் டப்ளினில் 2016இலும் அத்தகைய கூடங்கள் திறக்கப்பட்டன.

பிறப்பையோ வெற்றியையோ கொள்ளாமல் ஓர் இடப்பெயர்வையே ஆண்டுக் கணக்கின் தொடக்கமாகக் கொண்ட சமூகத்திற்கு இப்பொருள் அந்நியமானதன்று. ஆயினும் ‘வந்தவர்’, ‘சென்றவர்’ என்னும் இரு பட்டியல்களுக்குள் மனித வரலாறு அடங்குமா? பட்டியலில் ஏறும் பெயர்களைத் தேர்ந்தெடுப்பது எது? ‘எங்கிருந்து வந்தாய்?’ என்னும் கேள்வி ஓரிடத்தில் விருந்தோம்பலாகவும் வேறோரிடத்தில் வசையாகவும் ஒலிப்பது ஏன்? இவற்றைப் பொதுவாக ஆராய்வதை விட ஓர் ஊரை முன்னிறுத்தி ஆராய்வதே தக்கது. பட்டுத் தறிகளுக்குப் பேர்போன ஆரணியை நாம் எடுத்துக்கொள்வோம். அவ்வூரைப் பற்றி மட்டுமே வினாக்கள் அமைக்க வேண்டும் எனின், எவற்றை அமைப்போம்?

குதிரையேறி வந்தவர்கள்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நவாபுகளின் தலைநகராக விளங்கிய ஆர்க்காடு அதனினும் அருகில் இருக்கிறது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1989இல் நிகழ்ந்த பிரிவினைக்குப் பின் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கிற்று.

முதல் வினா எளிதாகவே கிடைத்துவிடும்: ஆரணி ஜாகிரின் முதல் ஜாகிர்தார் யார்? விடை, வேதாஜி பாஸ்கர பந்த். இவர் மராத்தி பேசும் தேசஸ்த பிராமணர். அஹ்மத்நகர் அரசு 1636இல் வீழ்ந்த பின்னர், சிவாஜியின் தந்தை ஷாஹாஜி போன்ஸ்லே பீஜப்பூரின் அடில்ஷாஹி சுல்தானிடம் பணியேற்றார். சுல்தானின் தளபதி ரணதுல்லா கானின் தலைமையில் தென்னகம் நோக்கி வந்த படையில் அவரும் இடம்பெற்றார். அவ்வழியே வந்த வேதாஜி பாஸ்கர பந்த், 17ஆம் நூற்றாண்டில் ஆரணியை ஜாகிராகப் பெற்றார். ஒரு முஸ்லிம் சுல்தானின் படை, அப்படையில் ஒரு மராத்தியத் தலைவர், அவர்வழி ஒரு பிராமணக் குடும்பம், அக்குடும்பத்தின் கீழ் ஒரு தமிழ் ஊர் என அமைந்த இந்த அடுக்கு, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜமீன் முறை ஒழியும் வரை நிலைத்திருந்தது. பூசிமலைக்குப்பத்து மாளிகை இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

இரண்டாவது வினா போர்க்களத்திலிருந்து வரும். ஆர்க்காட்டுக் கோட்டை முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், 1751 டிசம்பர் 3ஆம் நாள் ஆரணிக்கருகே எதிர்கொண்டது யாரை? சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிபையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும். கிளைவின் பக்கத்தில் மராத்தியக் குதிரைப்படை நின்றது. சந்தா சாஹிபோ நவாயத் மரபினர். அரபு நாட்டிலிருந்து கொங்கணக் கரையில் வந்து தங்கியோர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட அம்மரபினர், சஆதத்துல்லா கானின் நவாப் ஆட்சியில் ஆர்க்காட்டில் ஓங்கினர். எனவே அன்று ஆரணியில் மோதிக்கொண்ட தலைவர்களுள் ஆரணியைப் பிறந்த ஊராகக் கொண்டவர் ஒருவரும் இலர்.

மூன்றாவது வினா 1782ஆம் ஆண்டினது. ஹைதர் அலி தமது படைக்கலங்களையும் தானியங்களையும் ஆரணிக் கோட்டையில் சேமித்து வைத்திருந்தார். அதனைக் குறிவைத்து வந்த அயர்லாந்துக்காரரான சர் அயர் கூட்டுடன் ஜூன் 2ஆம் நாள் அங்கே போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் சித்தூருக்கருகே காலமானார். நான்காவது வினாவுக்கு, 1790இல் ஆரணியில் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுத் தூண் உதவும்.

இவ்வாறே வினாக்களை அடுக்கிக்கொண்டு போகலாம். விடைகள் அனைத்தும் சரியானவையே. எனினும் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. ஆரணி என்றதும் உலகம் நினைப்பது ஜாகிர்தாரையன்று, கிளைவையன்று, பட்டுச் சேலையை. அச்சேலையை நெய்தவரின் பெயர் இவ்வினாக்களில் ஒன்றுக்கேனும் விடையாக வரவில்லை. குதிரையில் வந்தவர்களின் பெயர்கள் நமக்கு எஞ்சின. தறியோடு வந்தவர்களின் பெயர்கள் எஞ்சவில்லை.

தறியோடு வந்தவர்கள்

ஆரணியிலும் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களிலும் நெசவு ஒரே சமூகத்தாரின் தொழிலாக இருந்ததில்லை. தமிழகத்தின் தொன்மையான நெசவாளர்களான செங்குந்தர் ஒருபுறம். பட்டுநூல்காரர் என வழங்கப்பட்ட சௌராட்டிரர் மறுபுறம். இவர்களுள் சௌராட்டிரரின் பயணமே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக நெருக்கமானது. மேற்கிந்தியாவிலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் வழியாகத் தமிழகம் சேர்ந்ததாக அவர்களின் மரபு கூறும். அவர்கள் வீட்டில் பேசும் மொழியே அப்பயணத்தின் வரைபடமாக இருக்கிறது. இந்தோ ஆரிய அடித்தளத்தின் மீது மராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ் எனத் தங்கிய நாடுகளின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

நெசவாளரின் இடப்பெயர்வைச் சொல்லும் மிகப் பழைய சாசனங்களுள் ஒன்று மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கிடைத்தது. தென் குஜராத்தைச் சேர்ந்த லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் குழுவொன்று தசபுரம் என்னும் அந்நகருக்கு வந்து குடியேறியது, கி.பி. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது சூரியனுக்கு ஒரு கோயில் எழுப்பியது; பின்னர் 473இல் அதனைப் பழுதுபார்த்தது. இச்செய்தியைக் கவிஞர் வத்ஸபட்டியைக் கொண்டு அக்குழுவினர் கல்லில் பொறிக்கச் செய்தனர். புதிய ஊரில் அவர்களுள் சிலர் வில்வித்தைக்கும், சிலர் சோதிடத்திற்கும், சிலர் கதை சொல்லுதலுக்கும் மாறியதையும், மற்றவர் தறியிலேயே நிலைத்ததையும் அச்சாசனம் கூறுகிறது. சௌராட்டிரரின் முன்னோரை இக்குழுவினரோடு தொடர்புபடுத்திய ஆய்வாளர்கள் உளர். அத்தொடர்பை ஏற்பினும் ஏற்காவிடினும் ஓர் உண்மை தெளிவு. இந்நெசவாளர் ‘நாங்கள் வேற்றூரிலிருந்து வந்தவர்கள்’ என்பதை மறைக்க வேண்டிய இழிவாகக் கருதவில்லை. கல்லில் வெட்டி வைக்கத்தக்க பெருமையாகவே கருதினர். கவிஞரின் பெயரும் மன்னரின் பெயரும் அக்கல்லில் உண்டு. நெசவாளரோ ‘குழு’ என்ற அளவில் நிற்கின்றனர்.

இதனினும் வியப்பானது சௌராட்டிரரின் திருமண வழக்கமொன்று. மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் எதிரெதிரே அமர்ந்து, ‘நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்?’ என்று வினவியும் விடையிறுத்தும் தம் குலத்தின் நெடும்பயணத்தை ஊர் ஊராக ஓதும் மரபு அவர்களிடம் இருந்ததை இனவரைவியல் பதிவுகள் குறிப்பிடுகின்றன. அருங்காட்சியகங்கள் இன்று நடத்தும் வினாடி வினாவை இவர்கள் தம் மணப்பந்தலிலேயே நடத்தியிருக்கிறார்கள். வேறுபாடு ஒன்றுண்டு. இங்கே வினாவை விடுப்பவரும் அப்பயணத்தில் வந்தவரே. கேட்பவர் தம்மையும் அக்கேள்விக்குள் வைத்துக்கொள்ளும்போது ‘எங்கிருந்து வந்தாய்?’ என்பது உறவின் மொழியாகிறது. தம்மை அதற்கு வெளியே நிறுத்திக்கொள்ளும்போது அதே சொற்கள் விசாரணையாகின்றன.

தறியை விட்டு வேறு புகழ் பெற்ற ஒருவரையும் இங்கு நினைக்கலாம். தியாகராசரின் முதன்மைச் சீடருள் ஒருவரான வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராட்டிரர். தஞ்சைப் பகுதியின் ஐயம்பேட்டையில் பிறந்து, ஆர்க்காட்டுக்கு எதிரே பாலாற்றின் அக்கரையிலுள்ள வாலாஜாபேட்டையில் குடியேறியமையால் ‘வாலாஜாபேட்டை’ என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நவாப் முஹம்மத் அலி வாலாஜாஹின் பட்டப்பெயர் தாங்கிய ஊர் அது. ஆந்திர மரபினரான குருவின் தெலுங்குப் பாடல்களைப் பேணிய குஜராத்திய மரபினரான சீடர், வடநாட்டு மரபினரான நவாபின் பெயரைச் சுமந்துகொண்டு தமிழகத்து இசை வரலாற்றில் நிற்கிறார். அவரும் அவர் வழியினரும் எழுதிவைத்த சுவடிகள் மதுரை சௌராட்டிர சபையில் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன. எழுதி வைத்ததால் எஞ்சிய பெயர் அது.

நூல் வந்த வழி

மனிதர் மட்டுமா இடம்பெயர்ந்தனர்? ஆரணித் தறியில் ஓடும் நூலே ஒரு முஹாஜிர்தான். ஆரணியைச் சுற்றிலும் நெல் விளைகிறது. ஆனால் அங்கு நெய்யும் கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. கர்நாடகத்திற்குப் பட்டு வந்தது எவ்வாறு? 1780களில் திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களை வரவழைத்து, மைசூர் அரசில் அவற்றை வளர்க்க ஏற்பாடு செய்தார். பின்னர் அத்தொழில் நலிந்தபோது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரில் ஜப்பானிய வல்லுநரைக் கொண்டு பட்டுப் பண்ணை ஒன்றை நிறுவினார். வங்காளத்துப் புழுவும் ஜப்பானியரின் செய்முறையும் சேர்ந்தே ஆரணிச் சேலையின் பாவும் ஊடையும் ஆயின.

திப்புவின் பெயருங்கூட இவ்வட்டாரத்திலிருந்து சென்றதே. ஆர்க்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் அவ்லியா (ரஹ்) அவர்களின் தர்காவில் ஹைதரும் அவர் துணைவியாரும் பிள்ளை வரம் வேண்டி இறைஞ்சியதாகவும், அதன் நினைவாகவே மகனுக்கு அப்பெயர் சூட்டியதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆர்க்காட்டிலிருந்து ஒரு பெயர் மைசூருக்குச் சென்றது. அப்பெயர் தாங்கியவரின் முயற்சியால் மைசூரில் ஊன்றிய பட்டு, ஆர்க்காட்டு மாவட்டத்து ஆரணிக்குத் திரும்பி வந்தது.

இந்த ஆரணிப் பட்டிற்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. ஒரு பொருள் இன்ன மண்ணுக்கே உரியது என அரசு தரும் சான்று அது. நூல் கர்நாடகத்தினது, புழுவின் வழித்தோன்றல் வங்காளத்தினது, ஜரிகை குஜராத்தினது, நெய்த கைகளுள் ஒரு பகுதி மேற்கிந்திய மரபினது. எல்லாம் வெளியிலிருந்து வந்தும், முடிவில் அது ஆரணிக்கே உரியதாயிற்று. இதில் முரண் ஏதுமில்லை. மண்ணுக்கு உரிமை என்பது முதலில் வந்ததால் கிடைப்பதன்று. வந்த பின்னர்த் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்ததால் கிடைப்பது. சேலைக்கு நாம் தயங்காமல் வழங்கும் இந்நீதியை மனிதருக்கு வழங்கத் தயங்குவதே முரண்.

கப்பலேறிச் சென்றவர்கள்

இனிச் சென்றவர்களின் பட்டியலுக்கு வருவோம். ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனோரை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் அன்று ஆரணியை உள்ளடக்கியிருந்த வட ஆர்க்காடும் ஒன்று. ‘ட்ரூரோ’ என்னும் முதற் கப்பல் 1860 அக்டோபர் 13ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். 1911 வரையிலான ஐம்பதாண்டில் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். கரும்புத் தோட்டங்களில் பெரும்பாலோரின் வாழ்வு கழிந்தது.

இம்மக்களின் கப்பற் பதிவேடுகள் இன்றும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன்பின் பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகியன எழுதப்பட்டுள்ளன. கிளைவை எதிர்த்துப் போரிட்ட சிப்பாயின் பெயர் நமக்குத் தெரியாது. ஆரணியில் முதற் பட்டுத் தறியை நாட்டிய நெசவாளரின் பெயர் தெரியாது. வறுமையால் ஊரைவிட்டுப் போன ஓர் உழவரின் பெயரோ தந்தை பெயரோடும் நெற்றித் தழும்போடும் கிடைக்கிறது. அதிகாரம் அவரை மதித்ததால் அன்று. ஓடிவிட்டால் பிடிக்க வேண்டும் என்பதால் எழுதி வைத்தது. ஆயினும் காலம் அக்கணக்கை வேறு பயனுக்குத் திருப்பிவிட்டது. அடிமைத்தனத்தை ஒத்த ஒரு முறையின் ஏடுகளைக் கொண்டே கொள்ளுப் பேரர்கள் இன்று தம் பூர்விகக் கிராமத்தைத் தேடிக் கண்டடைகிறார்கள்.

அவ்வாறு சென்றோருள் பேர் பெற்றவர் இலரா? டர்பனில் புரூக் தெரு அடக்கத்தலத்தில் பாதுஷா பீர் (ரஹ்) எனப் போற்றப்படும் ஷெய்கு அஹ்மத் அவர்களின் தர்கா உள்ளது. சென்னையிலிருந்து கப்பலேறிய தொடக்கக் காலக் கூலிகளுள் அவரும் ஒருவர் என்பது அங்குள்ளோரின் மரபு. 1895இல் அந்நாட்டிற்கு வந்த சூஃபி சாஹிப் அவர்கள் அவரது அடக்கத்தை இனங்காட்டிய பின்னர் அது புகழ்பெற்ற தலமாயிற்று. ஆர்க்காட்டுக்கு வந்தவருக்கு நவாப் தர்கா எழுப்பினார். சென்னையிலிருந்து சென்ற கூலிக்கும் ஒரு தர்கா எழுந்தது. ‘பாதுஷா’ என்னும் சொல் இரண்டாமவருக்கே வாய்த்தது.

எப்பட்டியலிலும் சேராதவர்கள்

ஆரணிக்கு வடக்கே வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் யானைத் தந்தத்தாலான ஒரு சதுரங்கப் பலகை உண்டு. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்தியது அது. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க மரபின் இறுதி மன்னர் அவர். மதுரைப் பகுதியிலிருந்து இலங்கைக்குச் சென்ற குடும்பத்தவர். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் உடையவர். 1815இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி உள்ளது. இவரை எப்பட்டியலில் சேர்ப்பது? தமிழகத்திலிருந்து சென்றவரா, இலங்கையிலிருந்து வந்தவரா, சொந்த நாட்டிற்கே கைதியாகத் திரும்பியவரா?

அதே கோட்டைக்கு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் வீழ்ச்சிக்குப் பின் திப்புவின் மக்களும் உறவினரும் கொண்டுவரப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்ச் சிப்பாய்களின் எழுச்சி நிகழ்ந்தது. அதன்பின் அக்குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே இளவரசர் குலாம் முஹம்மத் தந்தையின் பெயரில் கட்டிய பள்ளிவாசல் 1842இல் நிறைவுற்றது. தர்மதலாவில் இன்றும் அது விளங்குகிறது. ஆர்க்காட்டு அவ்லியாவின் பெயர், மைசூர் அரசரின் பெயராகி, வங்காளத்துப் பள்ளிவாசலின் பெயராயிற்று. எந்த வங்காளத்திலிருந்து பட்டுப்புழு தென்னகம் வந்ததோ, அந்த வங்காளத்திற்கே அதை வரவழைத்தவரின் பிள்ளைகள் நாடு கடத்தப்பட்டனர்.

‘ஸும்ம’ என்னும் சிறுசொல்

நம் முன்னோரான அறிஞர்கள் இச்சிக்கலை அறியாதவர்கள் அல்லர். அரபு மொழியின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுதிகளில் ஒருவரின் பெயரை அடுத்து ஊர்ப்பெயர்கள் நிரலாக வருவதைக் காணலாம். இது நிஸ்பத் எனப்படும். ஒருவர் ஊர் மாறினால் பழைய ஊர்ப்பெயரை அழிப்பதில்லை. ‘ஸும்ம’, அதாவது ‘பிறகு’ என்னும் சொல்லை இட்டு அடுத்த ஊரைச் சேர்ப்பர். குர்ஆன் ஓதற்கலை மேதை இப்னுல் ஜஸரீ அவர்கள் ‘திமிஷ்கீ, ஸும்ம ஷீராஸீ’ எனக் குறிக்கப்படுவது இவ்வாறே. டமாஸ்கஸ்காரர், பிறகு ஷீராஸ்காரர் என்பது பொருள். வந்தவர், சென்றவர் என்ற இரு பட்டியல் அங்கே தேவைப்படவில்லை. ஒரே வரியில் முழுப் பயணமும் அடங்கிவிடுகிறது.

இவ்வளவையைக் கொண்டு ஆர்க்காட்டைப் பார்த்தால் காட்சி விரிகிறது. ஆர்க்காட்டில் பிறந்து சென்னையில் நவாபின் அவையில் சிறந்த மௌலானா முஹம்மத் கௌஸ் (மறைவு 1822), குர்ஆனின் எழுத்தமைதி பற்றி ‘நஸ்ருல் மர்ஜான்’ என்னும் ஏழு பாகப் பெருநூலை இயற்றினார். அரபு அறிஞருலகம் அவரை ‘நாயிதீ, அர்காதீ’ என்றே அறியும். நவாயத் மரபும் ஆர்க்காட்டு ஊரும் அவர் பெயரிலேயே உள்ளன. அவர் மகன் காஜி பத்ருத்தௌலா சென்னையின் தலைமைக் காஜியாக விளங்கினார். அக்குடும்பத்தின் ஒரு கிளை ஹைதராபாத் சென்றது. அங்கே 1908இல் பிறந்தவரே டாக்டர் முஹம்மத் ஹமீதுல்லாஹ். ஜெர்மனியின் பான் நகரிலும் பாரிஸின் சோர்போனிலும் முனைவர் பட்டம் பெற்றவர். 1948இல் ஹைதராபாத் அரசின் தூதுக்குழுவில் சென்றிருந்தபோது அவ்வரசே மறைந்தது. அவர் எந்நாட்டுக் குடியுரிமையும் ஏற்காமல், அகதிக்குரிய ஆவணத்தோடு பாரிஸில் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். பிரெஞ்சு மொழியில் அவர் செய்த குர்ஆன் மொழிபெயர்ப்பு 1959இல் வெளிவந்தது. 2002 டிசம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் காலமானார். கொங்கணம், ஆர்க்காடு, சென்னை, ஹைதராபாத், பாரிஸ், புளோரிடா என ஒரு குடும்பத்தின் நிஸ்பத்தில் எத்தனை ‘ஸும்ம’! ‘இவர் எந்நாட்டவர்?’ என வினாடி வினாவில் கேட்டால், அவர் கையிலிருந்த ஆவணப்படி விடை: எந்நாட்டவரும் அல்லர்.

மற்றுமொரு எடுத்துக்காட்டு. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்திலுள்ள கோபாமவ் ஊரினர். 1744இல் ஆர்க்காட்டின் பொறுப்பேற்று, 1749இல் ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தார். அதே ஹர்தோய் மாவட்டத்துப் பில்கிராமில் 1732இல் பிறந்த செய்யித் முர்தளா, யமனின் ஸபீத் நகரில் பயின்று, கெய்ரோவில் தங்கி, ‘தாஜுல் அரூஸ்’ என்னும் மாபெரும் அரபு அகராதியைப் படைத்து, 1791இல் அங்கே மறைந்தார். அவரை உலகம் ‘ஸபீதீ’ என்றழைப்பதால் யமன் நாட்டவர் என நினைப்போர் பலர். ஒரே வட்டாரத்திலிருந்து ஒருவர் தெற்கே வந்து ஆட்சியாளரானார்; மற்றவர் மேற்கே சென்று அரபியர்க்கே அரபு அகராதி தந்தார். முன்னவரை ‘வந்தேறி’ என்றும் பின்னவரை ‘நாட்டின் பெருமை’ என்றும் வகுத்தால், ஒரே செயலுக்கு இரு தீர்ப்பு வழங்கியவர்களாவோம். வெளியே செல்லும் நம்மவரைக் கொண்டாடுவதும், உள்ளே வந்தவரின் பேரப்பிள்ளைகளிடம் சான்று கேட்பதும் ஒரே நாவில் நிகழக் கூடாதவை.

எழுதப்பட வேண்டியவை

எனவே நாம் வினாடி வினாவை வெறுக்க வேண்டியதில்லை. வினாவை மாற்றினால் போதும். ‘எங்கிருந்து வந்தார்?’ என்பதோடு ‘வந்த பின் இவ்வூர் எவ்வாறு மாறிற்று, அவர் எவ்வாறு மாறினார்?’ என்றும் கேட்கலாம். ‘புகழ்பெற்றவர் யார்?’ என்பதோடு ‘பெயர் எஞ்சாதவர் யார், ஏன் எஞ்சவில்லை?’ என்றும் கேட்கலாம். நவாபுகளின் காலத்தில் கவிஞர்களுக்குத் தத்கிராக்கள் எழுதப்பட்டன. கடைசி நவாப் குலாம் கௌஸ் கானே ‘குல்ஸாரே அஃஸம்’ என்னும் தொகுதியில் கருநாடகத்துப் பாரசீகக் கவிஞர்களைப் பதிவு செய்தார். தறிகாரருக்கு அத்தகைய தத்கிரா ஒன்றும் எழுதப்படவில்லை.

அதனை எழுதும் வாய்ப்பு இன்னும் முற்றிலும் கை நழுவிவிடவில்லை. குழித்தறியிலமர்ந்து நெய்த தலைமுறையினர் ஆரணி வட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் பிள்ளைகளுள் பலர் தறியை விட்டு வேறு வேலைகளுக்கும் வேறு ஊர்களுக்கும் போய்க்கொண்டிருக்கின்றனர். மந்தசோரில் நிகழ்ந்த அதே மாற்றம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நம் கண்ணெதிரே நிகழ்கிறது. அன்று அதனைக் கல்லில் வெட்ட ஒரு கவிஞர் இருந்தார். இன்று அதற்குக் கவிஞர் வேண்டியதில்லை. ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு குறிப்பேடும் போதும். யார் எந்த ஊரிலிருந்து வந்தார், யாரிடம் பாவு பிணைக்கக் கற்றார், அவர் மகன் எங்கே சென்றான் என மூன்று செய்திகளைத் தெருத்தெருவாகக் கேட்டு எழுதினால், பிற்காலத்து அருங்காட்சியகத்திற்கு அதனினும் சிறந்த கொடை வேறில்லை.

ஆரணிச் சேலையொன்றை என்றேனும் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைப்பார்களாயின், அதன் கீழ்ச் சிறு அட்டையில் ‘ஆரணி’ என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. வங்காளம், பிறகு மைசூர், பிறகு ஆரணி என்று நூலுக்கும், லாடம், பிறகு விஜயநகரம், பிறகு ஆரணி என்று மரபு கூறும் வழியில் நெய்தவருக்கும் நிஸ்பத் எழுதப்பட வேண்டும். இறுதியில் நெய்தவரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். அப்போது அந்த அட்டையைப் படிக்கும் எவரும், தம் பெயரை அடுத்து எத்தனை ‘பிறகு’ வரும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்காமல் அப்பால் நகரமாட்டார்.